இரண்டு கன்ட்ரோலர், ஒரு சேமிப்பகம்

2012 டிசம்பர் 22, சனிக்கிழமை. உலகெங்கும் உள்ள மென்பொருள் எழுத்தாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் நிறுவனத்தில் நெட்வொர்க் சுவிட்சுகளுக்கான பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. வேலைக்கு நடுவே சுமார் 90 விநாடிகள் சுவிட்சுகளுக்கு இடையிலான போக்குவரத்து நின்றுபோனது. ஒன்றரை நிமிடத் தடங்கல்தான். ஆனால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த நிறுவனத்தின் ஃபைல் சர்வர்கள் ஜோடி ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. ஒன்று வேலை செய்யும். மற்றது அதன் பிரதியை வைத்துக்கொண்டு காத்திருக்கும். பாதுகாப்பு கருதி ஜோடியின் இரு இயந்திரங்களும் வெவ்வேறு ரேக்குகளில் இருந்தன. போக்குவரத்து நின்றதும் ஜோடியில் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கவில்லை. “அது செத்துவிட்டது, இனி நான்தான்” என்று முடிவெடுத்து, எதிராளியை அணைக்கும் கட்டளைகளை அவை அனுப்பின. அவற்றில் சில போய்ச் சேரவில்லை. நெட்வொர்க் திரும்பி வந்தபோது பல ஜோடிகளில் இரண்டுமே தாம்தான் முதன்மை என்று நின்றன, ஒன்றையொன்று அணைத்தன, சில ஜோடிகளில் இரண்டும் சேர்ந்தே அடங்கின. தடங்கல் நேர்ந்த கணத்தில் எது முதன்மையாக இருந்தது, கடைசியாக எழுதப்பட்டது எதில் இருக்கிறது என்பதைப் பதிவேடுகளைத் தேடிப் பார்த்து ஜோடி ஜோடியாக முடிவு செய்ய வேண்டியிருந்தது. நேரம் அங்கேதான் போனது. நிறுவனம் சில நாட்களிலேயே இதையெல்லாம் விரிவாக எழுதி வெளியிட்டது. சேமிப்பகம் அமைப்பவர்கள் இன்றும் படிக்க வேண்டிய அறிக்கை அது.

இரண்டாவது இயந்திரம் வாங்குவது எளிது. முதல் இயந்திரம் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று இரண்டாவதற்குத் தெரியும்படி செய்வதுதான் கடினம். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் கம்பி, மின்சாரம், மென்பொருள், ஒத்திகை எல்லாமே அந்த ஒரு கேள்விக்கான ஏற்பாடுகள்.

பொதுச் சேமிப்பகத்தில் கன்ட்ரோலரின் வேலை என்ன? எந்தக் கோப்பு டிஸ்கில் எங்கே இருக்கிறது, இப்போது அதை யார் திறந்து வைத்திருக்கிறார், யாருக்கு எழுத அனுமதி, எந்த இடம் காலி என்பதையெல்லாம் ஓர் இடத்தில் முடிவு செய்வது. முடிவு செய்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். ஒரே கணக்குப் புத்தகத்தில் இரண்டு கணக்கர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதினால் என்ன ஆகுமோ, அதுதான் இரண்டு கன்ட்ரோலர்கள் ஒரே நேரத்தில் எழுதினாலும் ஆகும். ஒரு நிமிடம் எழுதினாலே போதும்; பிறகு எந்தப் பக்கம் சரி என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. இந்த நிலைக்குத் துறையில் ‘ஸ்பிளிட் பிரெய்ன்’ என்று பெயர்.

இரட்டைக் கன்ட்ரோலர் அமைப்பு நடைமுறையில் மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. முதலாவது, ஒரே பெட்டிக்குள் இரண்டு கன்ட்ரோலர்கள். டிஸ்குகளுக்கு இரண்டு வாசல். இரு கன்ட்ரோலர்களும் அதே டிஸ்குகளைப் பார்க்கும். நெட்ஆப் போன்ற நிறுவனங்களின் சேமிப்பகங்களில், டிஸ்குக்கு இன்னும் போகாத எழுத்துகளும் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இரு பக்கமும் பிரதியாக இருக்கும். அமைப்பது சுலபம், விலை அதிகம். பெட்டியே நீரில் நனைந்தால் இரண்டும் போகும் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது வடிவம் வீடியோ எடிட்டிங் கூடங்களில் பரவலானது. 2005 தொடக்கத்தில் ஆப்பிள் விற்பனைக்குக் கொண்டுவந்த எக்ஸ்சான் இந்த வகை. அதன் வேர் ஸ்டோர்நெக்ஸ்ட் என்ற கோப்பு முறைமை. இதில் படக்காட்சிகள் ஃபைபர் சேனல் வழியாக எடிட்டரின் கணினிக்கு நேரடியாகப் போகும். கோப்பு பற்றிய விவரங்களுக்கு மட்டும் அந்தக் கணினி தனி ஈதர்நெட் வலையில் மெட்டாடேட்டா கன்ட்ரோலரோடு பேசும். முதன்மைக் கன்ட்ரோலர் விழுந்தால் வரிசையில் அடுத்தது பொறுப்பேற்கும். அந்த வரிசையை ஒவ்வொரு வால்யூமுக்கும் தனித்தனியாக வைக்கலாம் என்பது நல்ல வசதி: முதல் வால்யூமுக்கு ஒரு இயந்திரம் முதன்மை, இரண்டாம் வால்யூமுக்கு மற்றது முதன்மை என்று சுமையைப் பிரித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, இரண்டு சாதாரண லினக்ஸ் சர்வர்களை வைத்து அமைப்பது. ஒவ்வொன்றிலும் அதனதன் டிஸ்குகள். டிஆர்பிடி என்ற மென்பொருள் ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும். கோரோசிங்க் இரண்டுக்கும் இடையே துடிப்பைக் கவனிக்கும். பேஸ்மேக்கர் யார் பொறுப்பு என்று முடிவெடுக்கும். மேலே என்எஃப்எஸ் கோப்புகளைப் பகிரும். டிஆர்பிடியைத் தொடங்கியவர் வியன்னாவைச் சேர்ந்த ஃபிலிப் ரைஸ்னர். 2010இல் வந்த லினக்ஸ் 2.6.33 முதல் அது கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. உரிமக் கட்டணம் இல்லை என்பதால் சிறிய அலுவலகமும் கல்லூரி ஆய்வகமும் இந்த வழியை எடுக்கலாம். இனி வருவது இந்த மூன்றாவது வடிவத்தைப் பற்றியது. ஆனால் ஃபென்சிங் (பதில் சொல்லாத இயந்திரத்தை அணைப்பது) பற்றியும் ஒத்திகை பற்றியும் சொல்வது மூன்றுக்கும் பொருந்தும்.

முதலில் கம்பிகள். இரு சர்வர்களுக்கும் இடையே குறைந்தது இரண்டு பாதைகள் வேண்டும். அவை எங்குமே ஒன்றாகச் சேரக் கூடாது. ஒரு பாதை சுவிட்ச் வழியாகப் போனால் இன்னொன்று இரண்டு சர்வர்களையும் நேரடியாக இணைக்கும் கேபிளாக இருக்கட்டும். இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு இரண்டு கேபிளையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டு “இரட்டைப் பாதை” என்று எழுதிவைக்கும் வழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. சுவிட்சின் மின்கம்பி ஒன்று கழன்றால் அந்த இரட்டைப் பாதை ஒரு நொடியில் இல்லாமல் போகும். மின்சாரத்துக்கும் இதே விதிதான்: இரண்டு சர்வருக்கும் ஒரே யுபிஎஸ் என்றால் உண்மையில் இருப்பது ஒரு சர்வர்தான்.

டிஸ்க் பிரதிக்கு வருவோம். டிஆர்பிடியில் மூன்று விதமான எழுதுமுறை உண்டு. ‘ஏ’ முறையில், முதன்மையின் டிஸ்கில் எழுதி, மறுபக்கத்துக்கான தரவை அனுப்பும் வரிசையில் போட்டவுடன் “எழுதியாயிற்று” என்று பதில் போய்விடும். ‘பி’ முறையில் மறுபக்கத்தின் நினைவகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ‘சி’ முறையில் இரு டிஸ்கிலும் எழுதி முடித்த பிறகுதான் பதில். ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் ஜோடிக்கு ‘சி’ தவிர வேறொன்றை யோசிக்க வேண்டியதில்லை. ‘ஏ’ முறையில் முதன்மை திடீரென விழுந்தால், “சேமித்தாயிற்று” என்று பயனருக்குச் சொல்லப்பட்ட கடைசி சில எழுத்துகள் மாற்று இயந்திரத்தில் இல்லாமலே போகலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிஆர்பிடியில் ‘சி’ முறையைப் போட்டுவிட்டு, மேலே என்எஃப்எஸ் பகிர்வில் வேகத்துக்காக ‘அசிங்க்’ என்ற விருப்பத்தைப் போடுபவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் என்எஃப்எஸ் சர்வர் டிஸ்குக்கு அனுப்பும் முன்பே “எழுதியாயிற்று” என்று சொல்லிவிடும். கீழே இரண்டு டிஸ்கிலும் கவனமாக எழுதும் ஏற்பாடு முழுவதும் வீண். பகிர்வு எப்போதும் ‘சிங்க்’ முறையில் இருக்க வேண்டும்.

முதல்முறை முழுப் பிரதி எடுக்க நேரம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஒரு ஜிகாபிட் இணைப்பில் விநாடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் போகும். அந்தக் கணக்கில் ஒரு டெராபைட்டுக்கு இரண்டரை மணி நேரம். 10 டெராபைட்டுக்கு ஒரு நாளுக்கும் மேல். அந்தப் பிரதி முடியும் வரை மாற்றுக் கன்ட்ரோலர் மாற்றே அல்ல. பொருத்திய அன்று மாலையே “இனி கவலையில்லை” என்று அறிவிக்கும் அவசரம் வேண்டாம்.

இனி வாக்குரிமை. மூன்று பேர் இருக்கும் குழுவில் ஒருவர் தொடர்பிழந்தால், மற்ற இருவரும் பெரும்பான்மை. இரண்டே பேர் இருந்தால் தொடர்பு அறுந்ததும் ஒவ்வொருவரும் பாதிதான். யாருக்கும் பெரும்பான்மை கிடையாது. இது பழைய சிக்கல். 1983இல் டெக் நிறுவனம் அறிவித்த வாக்ஸ்கிளஸ்டர் அமைப்பிலேயே இதற்காக டிஸ்க் ஒன்றுக்கு வாக்கு கொடுத்து மூன்றாவது உறுப்பினராக்கும் வழி இருந்தது. கோரோசிங்கில் இரண்டு உறுப்பினர்களுக்கென்று தனி அமைவு உண்டு. அதைப் போட்டால் ஒருவர் தனித்து நின்றாலும் தொடரலாம். ஆனால் இரண்டும் அணைந்து எழும்போது இருவரும் ஒருமுறையாவது சந்தித்த பிறகே வேலை தொடங்கும். ஓரளவு பாதுகாப்பு அது. அதைவிட நல்லது மூன்றாவதாக ஒரு சிறிய இயந்திரத்தை வைப்பது. அதில் டிஸ்கே வேண்டாம். பழைய கணினி ஒன்று போதும். குவோரம் சர்வராக அது வாக்கு மட்டும் போடும். டிஆர்பிடியின் ஒன்பதாம் தலைமுறையிலும் டிஸ்க் இல்லாத மூன்றாம் உறுப்பினரை இப்படி நடுவராக வைக்கலாம். அந்த இயந்திரம் மற்ற இரண்டும் இருக்கும் அதே ரேக்கில், அதே சுவிட்சில் இருந்தால் பயன் குறைவு. கட்டடத்தின் வேறு மூலையில் இருக்கட்டும்.

வாக்கு இருந்தாலும் ஃபென்சிங் இல்லாமல் முடியாது. ஃபென்சிங் என்றால், பதில் சொல்லாத இயந்திரத்தை மின்சாரத்தையே நிறுத்தி அணைத்துவிட்டு, அது அணைந்ததற்கு உறுதி கிடைத்த பிறகே பொறுப்பேற்பது. பதில் சொல்லாததாலேயே இயந்திரம் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அதன் நெட்வொர்க் கார்டு மட்டும் பழுதாகியிருக்கலாம். கெர்னல் ஏதோ ஒன்றில் சிக்கி முப்பது விநாடி உறைந்திருக்கலாம். முப்பத்தோராவது விநாடியில் அது விழித்து, தானே முதன்மை என்ற நினைப்பில் மீதி எழுத்துகளை டிஸ்கில் எழுதும். பேரழிவு அந்த விநாடியில்தான் நடக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பல “சோதனைக்காக ஃபென்சிங்கை அணைத்துவிடுங்கள்” என்ற வரியோடு தொடங்கும். பேஸ்மேக்கரில் அதை அணைக்க ஒரே கட்டளை போதும். சோதனை முடிந்து அமைப்பு உண்மையான வேலைக்குப் போகும்போது அந்த வரியை யாரும் திரும்பப் போய் மாற்றுவதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாக ஓடும். பொறுப்பு கைமாறுவதும் நடக்கும். மாதங்கள் கழித்து நெட்வொர்க் ஒருமுறை தடுமாறும்போதுதான் கோளாறு தெரியவரும். ரெட்ஹேட் நிறுவனம் ஃபென்சிங் இல்லாத கிளஸ்டருக்கு ஆதரவே தருவதில்லை. அந்தக் கண்டிப்பு நியாயமானது.

ஃபென்சிங்குக்குப் பெரும்பாலும் பயன்படுவது சர்வரின் தாய்ப்பலகையிலேயே இருக்கும் மேலாண்மைச் சில்லு: டெல்லில் ஐடிராக், ஹெச்பியில் ஐலோ, பொதுவாக ஐபிஎம்ஐ. அதற்குத் தனி நெட்வொர்க் முகவரி உண்டு. மற்ற சர்வர் அங்கே போய் “மின்சாரத்தை நிறுத்து” என்று சொல்லும். நன்றாக வேலை செய்யும். ஆனால் இதைச் சோதிக்கும் ஒருவர் முதன்மைச் சர்வரின் பின்பக்கம் போய் மின்கம்பியைப் பிடுங்கிப் பார்க்கட்டும். மாற்றுச் சர்வர் துடிப்பு நின்றதைக் கவனிக்கும். ஐபிஎம்ஐயை அழைக்கும். பதில் வராது, ஏனென்றால் அந்தச் சில்லுக்கும் மின்சாரம் அதே கம்பியில்தான் வருகிறது. அணைந்ததற்கு உறுதி கிடைக்காததால் மாற்றுச் சர்வர் பொறுப்பேற்காமல் மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டே இருக்கும். திரையில் ஃபென்சிங் தோல்வி என்ற வரி வந்துகொண்டே இருக்க, பயனர்கள் எல்லோரும் உறைந்த நிலையில் காத்திருப்பார்கள். முதன்மை முழுவதுமாகச் செத்துப்போன, எளிமையிலும் எளிமையான விபத்தில்தான் அமைப்பு திணறும்.

தீர்வு, இரண்டாம் நிலை ஃபென்சிங். ஐபிஎம்ஐ பதில் தராவிட்டால், நெட்வொர்க் வழியே கட்டுப்படுத்தக்கூடிய பிடியூவிடம், அதாவது ரேக்கின் மின்பலகையிடம், அந்தச் சர்வருக்கான முனையை அணைக்கச் சொல்வது. சர்வருக்கு இரண்டு மின்வழங்கிகள் இருந்தால் இரண்டு முனைகளையும் அணைக்க வேண்டும். ஒன்றை மட்டும் எழுதிவைத்தால் சர்வர் அசையாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சிறு ஏற்பாடு பெரிய தொல்லையைத் தவிர்க்கும். தொடர்பு மட்டும் அறுந்து, இரு சர்வரும் நலமாக இருந்தால், இரண்டும் ஒரே கணத்தில் ஒன்றையொன்று அணைக்கப் பாயும். இரண்டும் வெற்றி பெற்றால் இரண்டும் இல்லை. ஆகவே முதன்மையை அணைக்கும் கட்டளைக்கு மட்டும் சில விநாடி தாமதம் வைப்பது வழக்கம். முதன்மை முந்திக்கொள்ளும், சேவை கைமாறவே தேவையிருக்காது. டிஆர்பிடிக்கும் ஒரு சொல் சொல்லிவைக்க வேண்டும்: மறுபக்கம் மறைந்தால், ஃபென்சிங் முடிந்ததற்கு உறுதி வரும்வரை எழுத்தை நிறுத்திவை என்று.

பொறுப்பேற்கும் வரிசை எளிது. டிஆர்பிடி முதன்மையாக வேண்டும். அதன் மேல் கோப்பு முறைமை ஏற வேண்டும். பிறகு என்எஃப்எஸ் சேவை, பிறகு பகிர்வுகள், கடைசியில் மிதக்கும் ஐபி முகவரி. பயனர் கணினிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது அந்த முகவரி மட்டுமே. எந்தச் சர்வரின் சொந்த முகவரியையும் எந்தக் கணினியிலும் எழுதிவைக்கக் கூடாது. முகவரியைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அது முதலில் வந்துவிட்டால், பகிர்வு தயாராகும் முன்பே பயனர் கணினி வந்து கதவைத் தட்டி, பிழைச் செய்தியை வாங்கிப் போகும்.

என்எஃப்எஸ்ஸில் இரண்டு விவரம் தவறினால் எல்லாம் சரியாகத் தெரிந்தும் பயனருக்கு வேலை நடக்காது. ஒன்று, பகிர்வின் அடையாள எண். அது இரு சர்வரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கைமாறியதும் ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்ற பிழையோடு எல்லாக் கணினியும் நிற்கும். மற்றது, எந்தக் கணினிகள் கோப்புகளைத் திறந்து வைத்திருந்தன என்பதை என்எஃப்எஸ் குறித்து வைக்கும் கோப்புறை. அது சர்வரின் உள் டிஸ்கில் இருக்கக் கூடாது. பிரதியாகும் டிஸ்கில் இருந்து பொறுப்போடு சேர்ந்து நகர வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்ற சர்வர் லினக்ஸில் இயல்பாக 90 விநாடி சலுகைக் காலம் தரும். அந்த நேரத்தில் பழைய பயனர்கள் தங்கள் பூட்டுகளைத் திரும்பப் பெறலாம். புதிதாகக் கோப்பைத் திறப்பவர் காத்திருக்க வேண்டும். கோப்பு நகலெடுப்பவரின் திரையில் பச்சைப் பட்டை நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து நகரும். இந்தக் காத்திருப்பு இயல்பானது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் முன்பே சொல்லி வைத்தால், அந்த நேரத்தில் யாரும் பதறிக் கணினியை அணைக்க மாட்டார்கள்.

பயனர் கணினிகளில் ‘ஹார்ட்’ முறையில்தான் இணைக்க வேண்டும். ‘சாஃப்ட்’ முறையில் சர்வர் சற்று நேரம் பேசாவிட்டால் மென்பொருளுக்குப் பிழை போகும்; அந்தப் பிழையைச் சரியாகக் கையாளாத மென்பொருள் பாதி எழுதிய கோப்பை விட்டுவிட்டுப் போய்விடும். கைமாற்றம் நன்றாக நடந்தும் தரவு கெடுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

பழைய முதன்மை பழுது நீங்கித் திரும்பி வந்ததும், அதற்குத் தானாகவே பொறுப்பைக் கொடுக்கும் அமைவை அணைத்துவைப்பது நல்லது. எதனால் விழுந்தது என்று தெரியாத இயந்திரம் பொறுப்பை வாங்கிக்கொண்டு மறுபடி விழும். அலுவலகம் ஒரே காலையில் மூன்று முறை உறையும். அது மாற்றாகவே இருக்கட்டும். பிரதி முழுமையானதும், வேலை குறைவான நேரம் பார்த்து, மனிதர் ஒருவர் கையால் மாற்றட்டும். நெட்வொர்க்கிலோ சுவிட்சிலோ வேலை செய்யும் நாளில் பேஸ்மேக்கரைப் பராமரிப்பு நிலையில் வைத்துவிட வேண்டும். அப்போது அது எதையும் அணைக்காது, எதையும் நகர்த்தாது.

இரு கன்ட்ரோலர்களையும் வேறு வேறு ஊர்களில் வைக்கும் ஆசை சிலருக்கு வரும். தானாகக் கைமாறும் ஏற்பாட்டோடு அதைச் செய்ய வேண்டாம். 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பில் 43 விநாடி இணைப்புத் தடங்கலில், தானியங்கி மென்பொருள் தரவுத்தளப் பொறுப்பை அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு மாற்றியது. இரு பக்கமும் மறுபக்கத்தில் இல்லாத எழுத்துகள் தங்கிவிட்டன. சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. அதன்பின் வட்டாரம் தாண்டித் தானாகப் பொறுப்பு மாறாதபடி அமைவை மாற்றினார்கள்.

ஒத்திகை நாளில் செய்ய வேண்டியவை: முதன்மையின் மின்கம்பியைப் பிடுங்குவது, நெட்வொர்க் கேபிள்களை மட்டும் பிடுங்குவது, சுவிட்சை அணைப்பது, கெர்னலை வேண்டுமென்றே முடக்குவது. ஒவ்வொன்றும் வேறு விதமான மரணம். நான்கிலும் பெரிய கோப்பு ஒன்று எழுதப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும். முடிந்ததும் அந்தக் கோப்பின் செக்சம் மூலப் பிரதியோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை விநாடியில் கைமாறியது, பதிவேட்டில் எந்த வரி முதலில் வந்தது என்பதைக் காகிதத்தில் எழுதி ரேக்கின் கதவில் ஒட்டிவைக்கலாம். சேமிப்பகமே விழும்போது அந்தச் சேமிப்பகத்தில் இருக்கும் ஆவணத்தை யாராலும் திறக்க முடியாது.

கடைசியாக ஒரு வேலை மீதி இருக்கிறது: பேக்கப். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் மாற்றுச் சர்வரில் அழிக்க நினைத்த தரவுத்தளக் கோப்புறையை முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி போனது. இரு சர்வர்களின் கட்டளைத் திரைகளும் பார்க்க ஒன்றுபோல் இருந்தன. எந்தச் சர்வர் என்று தெளிவாகத் தெரியும்படி அவற்றை மாற்றும் வேலை பின்னர்தான் தொடங்கியது. அன்றாடம் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பேக்கப், மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் உருவாகவே இல்லை. வேறொரு தேவைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்துவைத்த பிரதிதான் காப்பாற்றியது.

மாற்றுக் கன்ட்ரோலர் எதை எழுதினாலும் பிரதி எடுக்கும். எதை அழித்தாலும் அதையும் உடனே அழிக்கும். அதனால் இரண்டு கன்ட்ரோலர்களும் ஓடத் தொடங்கும் நாளிலேயே, இந்த இரண்டுக்கும் வெளியே மூன்றாவது ஓர் இடத்துக்குப் பேக்கப் போகும்படி செய்யுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள். முதன்மைச் சர்வரின் கட்டளைத் திரைக்குச் சிவப்பும் மாற்றுக்கு நீலமும் கொடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.